ஆதாரப் பட்டியலில் சின்ன மாமா

பேரன்பும் பெருமதிப்பும் உரிய, மேல்மாடியில் குடியிருக்கும் சின்ன மாமா அவர்களுக்கு,

கீழ்வீட்டிலிருந்து உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் (ஆதாரம்: கூரை வழியாகக் கேட்கும் உங்கள் குறட்டை). இப்படி அடைப்புக்குறி போட்டே பழகியதால்தான் இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். பேக்கரிக்குக் கிளம்பும்போது மிதித்துவிடாமல் எடுத்துப் படியுங்கள்.

எங்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் அடிக்குறிப்பு டீச்சரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "ஒருத்தர் சொன்னதை எடுத்து எழுதிட்டு அவங்க பேரை விட்டுட்டா அது திருட்டு" என்பார்கள். "டீச்சர், மணி அடிச்சிருச்சு" என்றால்கூட "யார் சொன்னது?" என்று கேட்பார்கள். "மணிதான் டீச்சர்" என்று ஒருத்தி சொன்னதற்கு, "அப்ப மணி பேரை எழுது" என்றார்கள். அப்படிப்பட்டவரிடம் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு "பெரியவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள்". நூலகத்தில் அதைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. டீச்சரிடம் போய் நின்றேன். "நேர்ல கேட்டதுக்கு மேல என்னடி ஆதாரம்? காதைத் தீட்டிக்கோ" என்றார்கள். தீட்டிக்கொண்டேன் மாமா, அதுதான் வினை. "கிளம்பிட்டேன், தெருமுனைக்கு வந்துட்டேன்" (அம்மா, தொலைபேசியில், தலையில் ஈரத் துண்டோடு). "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை" (அப்பா, மாடிப்படியில், யாருக்கும் தராமல் கேக் தின்றுகொண்டே). டீச்சர் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "அப்பாவுக்குப் பின்னாடி காற்புள்ளி எங்கே? ஓரம் ஏன் கோணலா இருக்கு?" என்று திருப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் காற்புள்ளியிலேயே கண்ணாக இருந்ததில், யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பதையே மறந்துவிட்டேன்.

இப்போதுதான் முக்கியமான இடம். கோபப்படாமல் படியுங்கள். "அன்பினால் சொல்லும் பொய்" என்ற பகுதிக்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்போதுதான் நீங்கள் என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனீர்கள். படியிறங்கும்போது சீட்டி அடித்தீர்கள். கடை வாசலை மிதித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் தலைவலிங்க, தாங்கல" என்றீர்கள். கடையில் மருந்து கொடுக்கும் அக்கா மாத்திரை எடுக்கத் திரும்பியதும் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் சீட்டி. அப்படியே எழுதிவிட்டேன் (சின்ன மாமா, மருந்துக்கடை, நேரில் கண்டது).

கட்டுரை முதலாவதாக வந்துவிட்டது! நாளைய பெற்றோர் கூட்டத்துக்காக அதைத் தாழ்வாரப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். மருந்துக்கடை அக்காவின் தங்கை என் வகுப்புதான். அவளுக்காகக் கூட்டத்துக்கு வருவதும் அந்த அக்காதான். அம்மா அடித்தால் வலி போய்விடும், அப்பா திட்டினால் காதோடு போய்விடும். நீங்கள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் ஒரு வேண்டுகோள். விடிவதற்கு முன் எங்கள் பள்ளி கேண்டீனுக்கு ரொட்டி இறக்கப் போவீர்கள் அல்லவா? தாழ்வாரம் வழியாகத்தானே போகவேண்டும்? மருந்துக்கடை பற்றிய பக்கத்தையும் கடைசியில் உள்ள ஆதாரப் பட்டியலையும் கிழித்து வேனில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் என் கட்டுரை திருட்டு என்று டீச்சர் சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் பேசாத மருமகளாக இருப்பதைவிடத் திருடியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்களுக்கும், உங்கள் வேனுக்கும், சூடு ஆறாத உங்கள் ரொட்டிகளுக்கும் என் பணிவான வணக்கங்கள். இனி உங்களோடு எந்தக் கடைக்கு வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: மாமா, ஒன்றையும் கிழிக்காதீர்கள்! அம்மா போர்வையை இழுத்து, கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டார்கள். திட்டவே இல்லை. "ஆதாரம்னு பேர் குடுத்தா டீச்சர் சரிபார்க்க மாட்டாங்களா? போன வாரமே எங்களைக் கூப்பிட்டுக் கேட்டாச்சு, மக்கு" என்றார்கள். அம்மாவுக்கு ஒரே வருத்தம்தானாம். "பக்கத்துக்குப் பக்கம் நான் பேசியிருக்கேன். பட்டியல்ல முதல் பேர் உங்கப்பாவா?" அகரவரிசையில் 'ப' முன்னால் வரும் என்றேன். சமாதானம் ஆகவில்லை.

டீச்சர் மருந்துக்கடைக்கும் போனார்களாம். அந்த அக்கா படித்துப் பார்த்து, "அவருக்குத் தலைவலியே இல்லைன்னு முதல் நாளே தெரியுங்க. நான் குடுக்கிறது வெறும் சத்து மாத்திரை. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளை உங்களைச் சவரம் செய்துகொண்டு கூட்டத்துக்கு வரச்சொல்லி அம்மா உத்தரவு.

அந்த அக்காவையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். என்னிடம் இருக்கும் நகலில் 'மருந்துக்கடை அக்கா' என்று உங்களுக்கு நேர் கீழே எழுதப்போனேன். அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா என்னடி அக்கா, அத்தைன்னு எழுது" என்றார்கள். அத்தை என்றால் அகரவரிசையில் அப்பாவுக்கும் மேலே போய்விடுவார்கள் மாமா. அம்மா சிரித்துக்கொண்டே தூங்கப் போய்விட்டார்கள். முதல் இடம் போய்விட்டது என்று அப்பாவிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.