கள்ளிக்குக் காவல் இருந்தவர்

பூட்டுக் கடைக்காரர் பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். மனைவியின் சித்தி வருகிறாளாம்; இந்த வீட்டில் தங்கக் கூடாது! எத்தனை நாள் தங்குவாள் என்றுகூட அவர் கேட்கவில்லை. போன தடவை அந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி டீச்சர் விடிவதற்குள் எழுப்பி, குனிய வைத்து நிமிர வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் நின்றபடியே அரத்தால் சாவி ராவினார் மனுஷர்.

வராதே என்று சொல்ல வாய் வருமா? வராது. ஆனால் மூளை இருக்கிறதே! தெரு முழுக்கப் பூட்டுப் போட்ட மூளை.

பால்கனியில் மனைவி வளர்க்கும் கள்ளி கண்ணில் பட்டது. முள் இல்லாத ஜாதி. தட்டைத் தட்டையாகக் கணு விட்டுத் தொங்கும். கொத்துக் கொத்தாய்ப் பூக்குமாம். இதுவரை ஒரு மொட்டுகூட விட்டதில்லை. அந்தத் தொட்டியைத் தூக்கிப் போய் விருந்தாளி அறை ஜன்னலில் வைத்தார்.

"என்னங்க, செடியை எங்க கொண்டுபோறீங்க?"

"பூக்க வைக்கப் போறேன். உனக்கு இதோட மனசு புரியலை. சாயங்காலம் ஆறு மணியிலேருந்து விடியற வரைக்கும் கும்மிருட்டு வேணும். அப்பதான் மொட்டு வைக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு மாசம்! நடுவுல யாராவது லைட் போட்டா, போச்சு."

"தொட்டியை நகர்த்தினா?"

"மொட்டெல்லாம் பொலபொலன்னு கொட்டிடும்."

"அப்ப சித்தி?"

"அதான் எனக்கும் வருத்தம்." முகத்தைத் தொங்கப் போட்டார். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"யாருமே உள்ள போகக் கூடாதா?"

"மூச்! செடியைப் புரிஞ்ச ஆள் மட்டும்தான் போகலாம்."

"அது நீங்கதான்."

"வேற யாரு?" கடையிலேயே உசத்தியான பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார்.

சித்தி வந்தாள், கழுத்தில் விசிலோடு. நேராகப் பெரிய அறைக்குப் போய், அவருடைய கட்டிலில், அவருடைய ஃபேனுக்கடியில், மனைவி பக்கத்தில் காலை நீட்டினாள்.

"அப்ப நான்?"

"புரிஞ்ச ஆள் போற அறை ஒண்ணு இருக்கே!" மனைவி தலையணையைக் கையில் கொடுத்தாள். "ஆறுக்குள்ள போயிடுங்க. அப்புறம் கதவைத் திறந்தா வெளிச்சம் விழும்."

"போன்?"

"அதுவும் வெளிச்சம்தானேங்க."

கடையை நாலரைக்கே சாத்தி, அரைப் பசியில் சாப்பிட்டு, தன் பூட்டைத் தானே திறந்து இருட்டில் போய்ப் படுத்தார். விடிந்தால் கதவில் விசில். இருந்தாலும் அசரவில்லை. பூத்தால் சித்தி இந்த அறைக்கு மாறுவாள், கட்டில் திரும்பி வரும்! விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, மேலே காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டார். போகப் போக அந்தச் செடி மேல் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. கணு நுனியில் சிவப்பாய் ஒரு புள்ளி தெரிந்த அன்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இரண்டு மாதம் தாண்டி ஒரு காலை, விசிலுக்கு முன்பே அவர் குரல் கேட்டது.

"பூத்துடுச்சு! பூத்துடுச்சுடி!"

சித்தி ஓடி வந்தாள். இளஞ்சிவப்புக் கொத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். "மாப்பிள்ளை, மனசு நிறைஞ்சுபோச்சு. நான் இன்னைக்கே கிளம்பறேன்."

பூட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "பார்த்தியா, என் மூளையை?"

"பார்த்தேன்," என்றாள் மனைவி. "ரெண்டே நாள்ல போயிடறேன்னுதான் சித்தி வந்தாங்க. நீங்க பூக்க வைக்கிற பூவைப் பார்க்காம எப்படி அனுப்பறதுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."