டப்பிங் அண்ணனின் மெக்சிகோ

ஒரு இங்கிலீஷ் படத்தை டப்பிங் அண்ணன் அளவுக்கு நாசம் செய்ய இந்தப் பூமியில் இன்னொருத்தர் பிறந்துதான் வரவேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லாரும் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட். அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு படம். மெக்சிகோ புரட்சி நடக்கும்போது இரண்டு சிநேகிதர்கள் குதிரையில் சுற்றுகிற கதை. யாரும் கேள்விப்பட்டிராத படம். லேப்டாப்பில் சத்தம் வராது. அதனாலென்ன? வாராவாரம் லீவு நாளில் அண்ணனே எல்லாருக்கும் குரல் கொடுப்பார். ஜெனரலுக்கு எங்கள் சூப்பர்வைசர் குரல். குதிரைக்கும் வசனம் உண்டு.

புரட்சிக்காரர்களைச் சுவரோரம் நிறுத்திச் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டுவார்கள். ஜெனரலோ, இன்றைக்கு இரண்டு பேர் ஆப்சென்ட், யாராவது ஓ.டி. பார்க்கிறீர்களா என்று கேட்பான். சாகப்போகிறவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பிப் போக கம்பெனி பஸ் உண்டா என்பான்.

நிஜமாகவே அப்படித்தான் பேசுகிறார்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வாய் அசையிறத பாரு. கரீக்டா கீதா இல்லியா?" என்றார். கரெக்டாகத்தான் இருந்து தொலைத்தது.

அப்புறம் எனக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் அப்பா முன்னால் என்ன முகத்தோடு போய் நிற்பது என்ற கவலை வேறு. ஞாயிறு மத்தியானம் எல்லாரும் படத்தில் மூழ்கியிருக்கும்போது நழுவிவிடுவது என்று திட்டம். பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன்.

படத்தில் கடைசிக் காட்சி. ஒருவன் குண்டடிபட்டுக் கிணற்றடியில் கிடக்கிறான். மற்றவன் குதிரை ஏறுகிறான். கிடப்பவன் வழக்கமாக, வரும்போது பிரியாணி வாங்கி வா என்பான். அன்றைக்கு அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே குண்டடிபட்ட குரலில் பேசினார்.

"வேல பூடுச்சின்னா எங்கைல சொல்ல மாட்டியாடா? வேற வேல கெடைக்கிற வரிக்கும் உன் பாய் இங்கியே கீது. எவனுக்கும் தர மாட்டேன்."

மற்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, படுபாவிகள். பையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குதிரைக்காரன் மட்டும் போய்விட்டான். மூன்று வாரத்தில் எனக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது.

போன மாதம் அந்தப் படத்தைச் சத்தத்தோடு, கீழே தமிழ் எழுத்து ஓட, முழுசாகப் பார்த்தேன். கிணற்றடியில் கிடப்பவன் தண்ணீர் மட்டும்தான் கேட்கிறான். அண்ணன் சொன்ன வசனம் இல்லவே இல்லை. படம் எடுத்தவர்கள் விட்டுவிட்டார்கள், பாவம்.