வீட்டில் மருந்துக்கும் திரைச்சீலை இல்லை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், உங்கள் பேத்தி மூவரும் சுகம், மூச்சும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சோபா, மெத்தை, திரைச்சீலை விற்கிறவன் என்று பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தீர்கள். இன்று என் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு திரைச்சீலை இல்லை. பதறாமல் படியுங்கள்.

குட்டிக்கு ஆஸ்துமா என்பது உங்களுக்குத் தெரியும். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சிரித்தால் இருமலில் போய் முடியும். டாக்டரம்மா மூச்சில் இழுக்கிற மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டையும் கொஞ்சம் கவனிங்க" என்று ஒரு படத்தைக் காட்டினார். கொம்பில்லாத எருமை மாதிரி ஒன்று, எட்டுக் காலோடு. "தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தையில இருந்துக்கிட்டு நாம உதிர்க்கிற தோலைத் தின்னு வாழுது. அதோட கழிவு மூச்சுல போனா இவளுக்கு இழுக்கும்" என்றார். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் நான் விற்றது இந்தப் பூச்சிகளுக்கு வீடா என்று எனக்கு வியர்த்துவிட்டது. உங்கள் மகள் அசரவில்லை. "அப்ப காலி பண்ண வெச்சுடலாம்" என்றாள், வாடகை தராத குடித்தனக்காரரைச் சொல்வது போல.

அன்றைக்கே ஆரம்பித்தாள் மாமா. கம்பளம் போயிற்று, திரைகள் போயின, சோபா கடைக்கே திரும்பி வந்துவிட்டது. மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை. விரிப்பெல்லாம் வாராவாரம் கொதிக்கிற தண்ணீரில். கொசுவர்த்தி இல்லை, சென்ட் இல்லை. பீரோவை நகர்த்தினால் சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சணம், தேசப்படம் மாதிரி. குழாய்க்காரரை வரவழைத்து, கசிவை அடைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். நான் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன், உள்ளே குட்டியோட கரடி பொம்மை உட்கார்ந்து என்னையே பார்க்குது. "பூச்சி குளிர்ல சாகட்டும், அப்புறம் துவைச்சுடலாம், மூடுங்க" என்கிறாள். கடையிலேர்ந்து வந்தா எனக்கு வாசல்லயே மாற்றுத்துணி, சட்டையில பஞ்சு ஒட்டியிருக்குமாம். சோபாவுக்கு ஆர்டர் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் வெறும் ஹாலைப் பார்த்துட்டு, என் தோளைத் தட்டி, "வியாபாரம்னா ஏற்ற இறக்கம் இருக்கும், மனசை விட்டுடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி மொட்டைமாடிக்கு ஓடினா மாமா. ஓடி, இறங்கி, பள்ளிக்கூடத்துக் கதை ஒண்ணை நிறுத்தாம சொல்லிக்கிட்டே வந்தா. உங்க மக வாளியும் கையுமா நின்னா, நான் படி ஓரமா நின்னேன். என்ன கதைன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அவ மூச்சைத்தான் கேட்டுக்கிட்டு நின்னோம். அப்புறம் இவ ஜன்னல் கம்பியைத் துடைக்கப் போயிட்டா. இந்த மனுஷியோடயா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம்னு நான் அங்கேயே நின்னுட்டேன்.

ஆகவே நீங்களும் அத்தையும் அவசியம் வந்து ஒரு மாதம் எங்களோடு இருக்க வேண்டும். பெரியவர்கள் காலடி பட்டால் வீடு நிறையும். நிறைக்க இடமும் தாராளமாக இருக்கிறது.

தங்கள் ஆசியை வேண்டும்,
மாப்பிள்ளை

பி.கு.: உங்கள் மகள் இதைப் படித்துவிட்டாள். நீங்கள் வர வேண்டாமாம். "அப்பாவோட மெத்தை எனக்கு முன்னாடி பிறந்தது, அதுக்குள்ள எத்தனை தலைமுறை இருக்கோ" என்கிறாள். சனிக்கிழமை நாங்களே வருகிறோம். வாளியைக் கட்டி வைத்துவிட்டாள். பிரியமான சாமான் ஏதாவது இருந்தால் அதற்குள் அக்கம்பக்கத்தில் கொடுத்து வைத்துவிடுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.