ஹீட்டர் பட்டறையில் மூண்ட சாளரப் போர்

வாழி! வாழி! லோமே நகரின் கடற்காற்றில் பிறந்து, டோகோ நாட்டின் வெயிலைக் குடித்து வளர்ந்து, கரடுமுரடான ஜெர்மன் மொழியைக் கடித்து மென்று விழுங்கி, தூதரக வாசலில் தவங்கிடந்து வரம் பெற்று, குழாயும் கொதிகலனும் பொருத்தும் தொழில் பயில ஜெர்மனியின் ஸ்வேபிய மலைநாட்டுக்கு வந்திறங்கிய குளிரஞ்சாக் குரிசில், இல்லை, குளிர் ஒன்றுக்கு மட்டுமே அஞ்சிய குரிசில், எடெம் அக்பேக்கோ வாழி!

காப்புக்கு எத்தெய்வத்தை அழைப்பது? பிள்ளையாரை அழைக்கலாம் என்றால் அவருக்கு இங்கே விசா கிடையாது. ஆகவே, தொழில் பயில வருவோர் தலைக்குமேல் முதல் நான்கு மாதமும் கத்தியாய்த் தொங்கும் சோதனைக்காலம் என்னும் கொடுந்தேவியே, நீயே காப்பு! உன் கெடு முடியுமுன் முதலாளி "நீ வேண்டாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், காரணம்கூடக் கேட்கமுடியாது. ஒப்பந்தம் போகும், அதன் பின்னே விசா போகும், அதன் பின்னே எடெமும் போவான். விமான நிலையம்வரை வந்து ஆடிப்பாடி வழியனுப்பிய சுற்றத்தின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

இனிப் போர்க்களம் கேளீர். ஊரிலுள்ள வீடெல்லாம் வெதுவெதுக்க ஹீட்டர் பொருத்தும் பெரும்புகழ்ப் பட்டறை அது. அதன் ஓய்வறையில், காலை ஒன்பது மணிக்குத் தொழிலாளிகள் கூடி ரொட்டி கடிக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னல் பனிக்காலத்திலும் ஆவென்று வாய்பிளந்து கிடந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

அச்சாளரத்தின் காவலன் யோஹென் ஹேபர்லே. பட்டறையின் மூத்த தொழிலாளி. தொட்ட மாத்திரத்தில் கொதிகலனின் நோயுரைக்கும் மருத்துவன். பூஞ்சைக் குலத்தின் பரம வைரி. பனிக்காற்றின் பட்டத்து நாயகன். இந்நாட்டார் பகையாளியோடுகூட ஓரறையில் உட்கார்ந்துவிடுவார்கள், நேற்றைய காற்றோடு உட்காரமாட்டார்கள். எடெம் அந்த ஜன்னலை மெல்லச் சாத்திய அக்டோபர்க் காலையில்தான் முதற்போர் மூண்டது.

"டேய் தம்பி, என்ன பண்றே? எல்லாரும் மூச்சு முட்டிச் சாகவா?"

"குளிருது, யோஹென் அண்ணே."

"குளிர்னா இன்னொரு ஸ்வெட்டர் போடு. காத்தை அடைச்சா சுவரெல்லாம் பூஞ்சை பூத்துடும்."

இன்னொரு ஸ்வெட்டரா! கூரையின் கீழ் அமர்ந்து உண்ணும் மனிதன், அதுவும் ஹீட்டர் செய்வோர் நடுவே அமர்ந்து உண்ணும் மனிதன், சந்தைக்குப் போகும் மூட்டைபோல் கம்பளிமேல் கம்பளி சுற்றிக்கொள்வதா! உயிருள்ளவரை இரண்டாம் ஸ்வெட்டர் இம்மேனியில் ஏறாது என்று எடெம் மனத்துக்குள் சூளுரைத்தான். சத்தமாகச் சொல்லவில்லை, சோதனைக்காலம் அல்லவா.

பின்னொரு நாள் அவன் சமாதானம் நாடினான். திறந்தும் திறவாமலும் இருக்கட்டும் என்று, கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, ஜன்னலின் தலையை மட்டும் உள்ளே சாய்த்துவைத்தான். பாவம், நல்லெண்ணத்தில் செய்தான். கீழே ஹீட்டர் எரிய மேலே ஜன்னலைச் சாய்த்துவைப்பது, பாவங்களிலெல்லாம் தலையாயது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். யோஹென் பொங்கியெழுந்து பிரகடனம் செய்தான்.

"திறந்தா முழுசாத் திற, மூடினா முழுசா மூடு! இதென்ன ரெண்டுங்கெட்டான்? தெருவுக்கா ஹீட்டர் போடுறோம்?"

"அப்ப முழுசா மூடிடறேன்ணே."

"முழுசாத் திறன்னு அர்த்தம்!"

சமாதானம் மடிந்தது, சூழ்ச்சி பிறந்தது. ஹீட்டரின் ஓரத்தில் ஒரு திருகு குமிழ் இருக்கும். அறை குளிர்ந்தால் வெந்நீரை உள்ளே விடும், சூடானால் நிறுத்தும். பட்டறையில் அதைப் பிரித்துப் பார்த்திருந்த எடெம், ஒன்பது மணிக்குச் சற்றுமுன் யாருமறியாமல் வந்து, பச்சைத்தண்ணீரில் நனைத்த துணியொன்றை அதன்மேல் போர்த்தி, அதை மறைத்துத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஈரத்துணியின் குளிர்ச்சியை ஊழிக்காலப் பனியென்று நம்பி ஏமாந்த அக்குமிழ், வெந்நீரை அள்ளி அள்ளிக் கொட்டியது. வெற்றி வெற்றி என்று எடெமின் பாதங்கள் ஆர்ப்பரித்தன.

"என்னடா இது, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு!" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிய யோஹென், இரண்டாவது ஜன்னலையும் திறந்தான்.

அந்தோ! அந்த இரண்டாவது ஜன்னல் எடெமின் பிடரிக்கு நேர் பின்னால் இருந்தது. அவன் மறுநாள் பெரிய துணி போர்த்தினான். அறை மேலும் கொதித்தது. யோஹென் கதவையும் திறந்தான். கால் கொப்பளிக்கவும் காது மரக்கவும் எடெம் தன் மிளகாய்ச் சாந்து தடவிய ரொட்டியைத் தின்றான். யோஹெனோ குழாயைக் கழற்றினான், பம்ப்பை மாற்றினான், கொதிகலன்முன் மண்டியிட்டு ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தான். ஊரார் நோயெல்லாம் தீர்த்த கைக்குத் தன் வீட்டு நோய் பிடிபடவில்லை. இப்படியே டிசம்பர் வந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அன்றோடு கெடு முடிகிறது. பட்டறையின் தலைவி ரெனாட்டே க்னாப், முறுக்குபோல் முறுக்கிச் சுட்டு வெண்ணெய் தடவிய பிரெட்சல் ரொட்டிகளைத் தட்டிலேந்தித் தீர்ப்பு வழங்க எழுந்தருளினாள். வந்தவள் வெண்ணெயை மேசையில் சிந்தினாள். துடைக்கத் துணி தேடினாள். எடெமின் முதுகுப்பக்கம் கையை நீட்டி, கண்ணில் பட்ட ஈரத்துணியை எடுத்தாள்.

யோஹென் துணியைப் பார்த்தான். குமிழைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இதை யாருடா இங்க போட்டது?" என்றாள் ரெனாட்டே.

"நான்தான், மாஸ்டரம்மா."

"அடப்பாவி! ரெண்டு மாசமா நான் பம்ப்பைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன்டா!" என்று அலறினான் யோஹென்.

'என் மகன் ஜெர்மனியில் ஹீட்டர் எஞ்சினியர்' என்று தெருமுழுக்கச் சொல்லிவைத்திருக்கும் அம்மாவை எடெம் நினைத்துக்கொண்டான். ஒரு ஸ்வெட்டரில் முடிந்திருக்கவேண்டிய விஷயத்துக்கு வாழ்க்கையையே பணயம் வைத்த தன் மடத்தனத்தை நினைத்து, உண்மையிலேயே அழுகை வந்தது.

ரெனாட்டே வாசற்பக்கம் திரும்பினாள். அங்கே கண்ணாடியில் ஒட்டிய தாள் வெளுத்துக் கிடந்தது.

"யோஹென், 'பயிற்சிக்கு ஆள் தேவை'ன்னு அதை ஒட்டி எத்தனை வருஷமாச்சு?"

"மூணு இருக்கும்."

"நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் வந்தானுங்க?"

யோஹென் பிரெட்சலைப் பார்த்தான். "ஒருத்தனும் வரலை."

"அப்புறம் என்ன? தம்பி, ஜனவரியில ஏழு மணிக்கு வந்துடு. துணியைத் தொட்டே, தொலைச்சுடுவேன்."

"அப்ப ஜன்னல், மாஸ்டரம்மா?"

"அது திறந்துதான் இருக்கும்."

முரசே முழங்கு! சங்கே ஊது! வீரத்தாலன்று, விவேகத்தாலன்று, வேறு நாதியில்லாத காரணத்தால் மட்டுமே ஒரு தேசம் தன்னைத் தழுவிக்கொண்ட அப்பெருங்கணத்தில், கண்ணைத் துடைத்து, நெஞ்சை நிமிர்த்தி, வெண்ணெய் பிரெட்சலைச் செங்கோலெனப் பற்றி, இருபுறமும் பனிக்காற்று சாமரம் வீச அரியணை நிகர்த்த அந்த ஆடும் நாற்காலியில் மீண்டும் அமர்ந்த லோமே நகர்த் தோன்றல், தோல்வியறியாத் தோளினன், சூளுரை பிறழாச் செம்மல், எடெம் அக்பேக்கோ வாழி, வாழி!

ஜனவரியில் அவன் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான்.