ஒயிட்டு அண்ணனும் எங்கள் அப்பாவின் வேட்டியும்

மதுரை ஜில்லாவில் வெள்ளை நிறத்தைக் கண்ணால் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். மற்ற நாமெல்லாம் யாரோ சொல்லக் கேட்டு நம்பிக்கொண்டிருக்கிறோம். அவர் திருப்பரங்குன்றத்தில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுப்பவர். ஊருக்கே ஒயிட்டு அண்ணன். சட்டை மட்டும் எப்போதும் காபித்தூள் கலரில் இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டால் அதன் வெளிச்சம் சுவரில் அடித்து அவர் கணக்கைக் கெடுத்துவிடுமாம்.

நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டியபோதுதான் நான் அவரிடம் மாட்டினேன். அந்த வீட்டைக் கட்டியதே அப்பாவுக்காக. அம்மா போன பிறகு வாடிப்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "வீடு முடியட்டும்யா, வாரேன்" என்பார். வேலை நடக்கும்போது பார்க்க வருவார். வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். உள்ளே கூப்பிட்டால், "இங்கதான்யா காத்து வருது" என்பார். நானும் காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போய், "அண்ணே, வீட்டுக்குள்ள அடிக்க ஒயிட் குடுங்க" என்றேன்.

"எந்த ஒயிட்டு?"

"வெள்ளை ஒயிட்டுதாண்ணே."

டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "ஜன்னல் எந்தப் பக்கம்? வெளிய மரம் இருக்கா? எதுத்த வீடு என்ன கலரு?"

"கிளிப்பச்சை."

கண்ணை மூடிக்கொண்டார். "செத்தோம்" என்றார்.

மறுநாள் வந்தவர் எங்கள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டை முறைத்தபடி நின்றார். சாயங்காலம் நாலு மணிக்கு என்னை ஹாலுக்குள் இழுத்துப்போய்ச் சுவரில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அட்டை பச்சையாக இருந்தது. அவர் நேராக எதிர்வீட்டுக்குப் போய், "அண்ணே, உங்க பச்சை எங்க ஹால்ல வந்து விழுகுது, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

என் மனைவி கவிதா பள்ளிக்கூட டீச்சர். யாரையும் பரீட்சை வைக்காமல் நம்ப மாட்டாள். அவருடைய பதினோரு வெள்ளை அட்டைகளின் பின்னால் இருந்த பெயர்களை மறைத்து, கலைத்து, ஒவ்வொன்றாக நீட்டினாள். அவர் அலட்சியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது இட்லி. இது விபூதி. இது தேங்காப்பால். இது முட்டை ஓடு." கடைசி அட்டை வந்ததும் நிமிர்ந்தார். "இது என்னுது இல்லக்கா. ஏதோ நோட்டு அட்டை." அவள் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்துச் சொருகியதுதான் அது. அன்றிலிருந்து அவருக்கு பிளாஸ்க்கில் போன காபி முதல் டிகாஷன்.

படுக்கையறைக்கு வெள்ளை தேர்ந்தெடுக்க என்னைத் தரையில் படுக்க வைத்து, "தூங்கி முழிச்ச மாதிரி கண்ணத் திறங்க" என்று பத்து தடவை திறக்க வைத்தார். அடுக்களைக்குத் தாளிப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, கவிதாவை அங்கே கடுகு தாளிக்கச் சொன்னார். எல்லா அறையும் முடிந்தது, ஹால் மட்டும் நின்றது. கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டில் பார்த்த பளீர் வெள்ளைதான் வேண்டும் என்று கவிதா சொன்னாள். எனக்கும் அதுதான் ஆசை. இவர் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டில் உட்கார்ந்துகொண்டு, காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் வெள்ளை பிரைமர் அடித்த சுவரைப் பார்த்து, "ம்ஹூம்" என்றார்.

அப்படி ஒருநாள் அப்பா வந்து போனார். மறுநாள் ஒயிட்டு அண்ணனைக் காணோம். பால் காய்ச்ச ஆறே நாள். பெயின்டர்கள் சும்மா உட்கார்ந்து பீடி குடித்தார்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் கிடைத்திருந்தால் அவரைத்தான் சுவரில் பூசியிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் அப்பாவிடமிருந்து போன்.

"ஏய்யா, காபித்தூள் சட்டை போட்ட ஒருத்தன் வந்து நிக்கிறான். என் வேட்டியக் கேக்குறான். குடுக்கவா?"

"எதுக்காம்?"

"தெரியலையே. நல்ல பயலாத்தான் தெரியுது. ரெண்டு செம்பு மோர் குடிச்சான்."

வாடிப்பட்டிப் பக்கம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரித்துப் போயிருக்கிறார் மனிதர். சாயங்காலம் மஞ்சப்பையில் வேட்டியோடு வந்து, ஹாலில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டார். அப்பா தன் வேட்டியைத் தானேதான் துவைப்பார். வருஷக்கணக்காக போர் தண்ணீரில் அலசியதில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கும். அதற்கு எதிரே உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் கலக்கி, சுவரில் ஒரு முழத்துக்குப் பூசினார்.

"என்னண்ணே, அழுக்கு வெள்ளையா இருக்கு! புது வீடுண்ணே!" என்று கத்தினேன்.

அவர் குரலை இறக்கினார். "நீங்க கேக்குற வெள்ளைக்கு முன்னால அய்யா நின்னா, வேட்டி அழுக்காத் தெரியும்ணே. அன்னைக்கு உள்ள ஒரு கால் வச்சாரு. சுவரப் பாத்தாரு. குனிஞ்சு வேட்டியப் பாத்தாரு. அப்புறம்தான் படியில போய் உக்காந்தாரு. நான் இந்தப் பக்கெட்டுலதான இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை நான், காற்று என்று நம்பியிருக்கிறேன். கவிதாதான் முதலில் பேசினாள். "இதையே அடிங்கண்ணே."

பால் காய்ச்சும் நாளில் அப்பா, ஒயிட்டு அண்ணன் திருப்பிக் கொடுத்த அதே வேட்டியில் வந்தார். உள்ளே ஒரு கால் வைத்தார். சுவரைப் பார்த்தார். குனிந்து வேட்டியைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு முன்னால் அது இப்போதுதான் கடையில் எடுத்தது போலப் பளிச்சென்று இருந்தது. வேட்டியை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு, நேராக உள்ளே நடந்துபோய், சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கயும் காத்து வரத்தான்யா செய்யுது" என்றார்.

மூணு மணி பஸ் அன்றைக்கு அவர் இல்லாமல் போனது. அதற்கப்புறமும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது அப்பா சாயும் இடத்தில், தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யப் போன மாசம் ஒயிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். வெகுநேரம் அதையே பார்த்தார். "இதத் தொடக்கூடாதுண்ணே. தொட்டா அம்புட்டுதான், மறுபடி இந்தக் கலரு என்னால கலக்க முடியாது" என்றார். அவர் வாயால் முடியாது என்று நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"வா தம்பி, வேட்டி வேணுமா?" என்றார் அப்பா.

எங்கள் ஹாலில் நல்ல சோபா இருக்கிறது. ஆனாலும் மூலையில் ஒரு காலி பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்தே வைத்திருக்கிறோம். அவர் எப்போது வந்தாலும் உட்கார வேண்டுமே.