காலி வண்டி எடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இன்றைக்கும் ஒல்லிதான். கடைசியில் எனக்கு நெஞ்சும் புஜமும் வந்துவிடும் என்று நம்பி யாரும் இதைப் படிக்க வேண்டாம். அந்த நம்பிக்கையில் கண்ணாடி முன்னால் நின்று நின்று நானே ஓய்ந்துபோனவன். (கண்ணாடியும் ஓய்ந்துவிட்டது. ரசம் போய்விட்டது.)

எண்ணூர் போகும் சாலையில் ஒரு லாரி எடை மேடையில் எனக்கு வேலை. சரக்கு இல்லாமல் வரும் வண்டியை மேடையில் ஏற்றிப் பார்த்தால் அது காலி வண்டி எடை. அதே வண்டி சரக்கோடு வந்தால் லோடு எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதில் ஒரே ஒரு விதிதான். முதல் தடவை வண்டியில் என்னவெல்லாம் இருந்ததோ, இரண்டாம் தடவையும் அது அப்படியே இருக்க வேண்டும். கிளீனர் ஒரு தடவை உள்ளே உட்கார்ந்துவிட்டு மறு தடவை டீ குடிக்கப் போய்விட்டால் கணக்கு நாசம். தண்ணீர் கேனை ஒளிப்பவர்கள், ஒன்றும் தெரியாததுபோல மேடை ஓரத்தில் ஏறி நிற்பவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. "அண்ணே, இறங்குங்க" என்று கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

அந்தச் சமயத்தில் நஸ்ரின் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தெற்கே கடலோரத்திலிருந்து வந்து ராயபுரத்தில் புளி மண்டி வைத்திருக்கும் குடும்பம். நாங்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் வடசென்னைக்காரர்கள். கீழே மண்டி, மாடியில் வீடு. பெண் பார்க்கப் போன அன்று அவள்தான் டீ கொண்டுவந்தாள். "சக்கரை போதுமா?" என்று கேட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றேன். "இன்னும் போடவே இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். எனக்கு வேறு பெண்ணே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அவர்கள் பதில் தரகர் வாயால் வந்தது. "பையன் தங்கம்னு சொல்றாங்க. பொண்ணோட உம்மாதான், ஒடம்புல ஒண்ணையும் காணோமே, வீட்டுல சோறு போடுறாங்களா இல்லியான்னு கேக்குறாங்க. பார்த்துச் சொல்றோம்னாங்க."

என் அம்மா அன்று முழுவதும் பாத்திரங்களை ஓசை வராமல் வைக்கவே இல்லை. "நான் துன்ன குடுக்காமதான் நீ இப்டி கீறியா? அந்தம்மா என் வவுத்துல பொறந்தத பாத்துக்கினு என்னயே கேக்குதா?" என்றாள். பிறகு எனக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள். அதுவும் கோபத்தோடுதான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி ஜிம்மில் சேர்ந்தேன். பிரபா மாஸ்டர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பழைய வண்டியை விலைக்குக் கேட்க வந்தவர் நடப்பதுபோல இருந்தது.

"இன்னா மாமு, துன்றியா இல்லியா?"

"சாப்பிடுறேன் மாஸ்டர்."

"துன்றேன்னு அல்லாரும்தான் சொல்றானுங்க. கணக்கு கீதா? புரோட்டீன் எவ்ளோ, மாவுச்சத்து எவ்ளோ, கொயுப்பு எவ்ளோ? உள்ள போறது தெரியாம வெயிட்டு தூக்கிக்கினு இருந்தா கைவலிதான் மிச்சம்."

கணக்கு என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது. எடை போடுவது என் தொழில் ஆயிற்றே. அன்றே போனில் ஒரு ஆப் இறக்கினேன். சமையலறைக்கு ஒரு சின்னத் தராசும் வாங்கினேன்.

அந்த ஆப்பைச் செய்தவர் வடசென்னைப் பக்கம் வந்ததே இல்லை. ஓட்ஸ் தெரியும், வெண்ணெய்ப் பழம் தெரியும். அத்தோ என்று தட்டினால் "ஆட்டோவா?" என்று கேட்டது. (அத்தோ தெரியாதவர்களுக்கு: பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவோரங்களுக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ். ஆட்டோவைவிட விலை குறைவு.) சுறாப்புட்டைக் காட்டினால் குழாய்ப் புட்டைக் காட்டி அரிசி மாவு என்றது. அம்மாவிடம் குழம்புக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன். "கண்ணளவுதான்" என்றாள். கண்ணளவு எத்தனை மில்லி என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒருநாள் முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை.

எடை மேடையில் மதிய டிபனைத் திறந்து சோறு தனி, மீன் தனி என்று தராசில் வைப்பேன். டிரைவர்கள் ஜன்னலில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னா நைனா, மீனுக்கும் பில்லு போடுவியா?" என்று ஒருத்தர் கேட்டார். முள்ளைக் கழிக்க வேண்டும் என்பதால் சாப்பிட்டு முடித்து முள்ளையும் எடை போட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஒரு மத்தி மீனுக்கு இவ்வளவு மரியாதை ஆகாது.

இப்படி இருக்கையில்தான் நஸ்ரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட வாருங்கள், பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் கூடவே ஒரு கவலை. அவர்கள் வீட்டில் சஹன் சாப்பாடு. அதாவது பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. ஒரே தட்டில் உண்டால் உறவு வளரும் என்பது அவர்கள் வழக்கம். உறவு வளரட்டும், அதில் என் பங்கு எத்தனை கிராம் என்று ஆப்பிடம் எப்படிச் சொல்வது?

பெண் கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்க வேண்டியவன் புரோட்டீனுக்காகத் தவித்தேன். புத்தி அப்படி வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை மண்டி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறிப் போய்விட்டாள். பழப்பையோடு பின்னால் போன நான், பாதி சாத்தியிருந்த மண்டிக் கதவுக்குள் அதைக் கண்டேன். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. சிவப்பு எண்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. வழி தெரிந்துவிட்டது. சாப்பிடும் முன் நான் காலி வண்டி. சாப்பிட்ட பின் லோடு வண்டி. கழித்தால் சாப்பாடு.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஐம்பத்து நாலு கிலோ அறுநூறு. மனதில் குறித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். (மாஸ்டரிடம் சேர்ந்தபோது இருந்ததைவிட இரண்டு கிலோ கூடுதல். தசை வர ஆரம்பித்துவிட்டது என்று படியிலேயே பூரித்துப்போனேன்.)

சஹனில் ஒரு பக்கம் நஸ்ரினின் வாப்பா, இன்னொரு பக்கம் அவருடைய தம்பி, நடுவில் நான். வாப்பா அதிகம் பேசாத மனிதர். நல்ல கறித் துண்டாகப் பார்த்துப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். "சாப்பிடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க." தட்டில் சோறு குறையக் குறைய உள்ளிருந்து மாமி, அதாவது நஸ்ரினின் உம்மா, அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் கையில் அப்படி ஒரு ருசி. எழுந்திருக்க முடியாமல் எழுந்தேன்.

பெரியவர்கள் வெற்றிலை போடும் நேரம் பார்த்து, போன் பேசுவதுபோலக் கீழே நழுவினேன். தராசில் ஏறினேன்.

ஐம்பத்து மூணு கிலோ தொள்ளாயிரம்.

இறங்கினேன். மறுபடி ஏறினேன். அதேதான். வயிறு முட்டச் சாப்பிட்டவன் எழுநூறு கிராம் குறைந்திருந்தேன். தராசு கோளாறு என்று பக்கத்திலிருந்த படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. சாவியை வைத்துவிட்டு ஏறினேன், போனை வைத்துவிட்டு ஏறினேன், இன்னும் குறைந்தது. சட்டையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று இரண்டு பட்டனைத் திறந்தபோது பின்னால் செருமல் கேட்டது.

வாப்பா நின்றிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் படியில் மாமி. மாமிக்குப் பின்னால் என் அம்மா.

"என்ன தம்பி பண்றீங்க?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று பிழைத்திருப்பேன். "சாப்பாட்டை எடை பார்த்தேன், மாமா."

"எங்க வீட்டு சாப்பாட்டையா?"

"நான் சாப்பிட்டதை மட்டும்."

படியிலிருந்து மாமி கேட்டார். "எவ்வளவு இருந்துச்சு?"

"எழுநூறு கிராம்," என்றேன். தொழில் சுத்தம் விடவில்லை. "குறைஞ்சிருக்கு."

மாமியின் முகம் சின்னதாகிப்போனது. அப்படியே திரும்பி மேலே போய்விட்டார். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனுஷியிடம், உன் சோற்றைத் தின்று இளைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அங்கேயே புளி மூட்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது.

பேச்சு எதையும் முடிக்காமல் வீடு திரும்பினோம். ஸ்கூட்டர் பின்னாலிருந்து அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மானம் பூட்ச்சிடா." மறுநாள் மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "நான் கணக்கு பாத்து துன்னுன்னுதான் சொன்னேன் மாமு, கணக்கையே துன்ன சொல்லல" என்றார்.

ராயபுரத்திலிருந்து தகவல் இல்லை. தரகர் என் போனை எடுப்பதில்லை. எடை மேடையில் உட்கார்ந்து வருகிற வண்டிகளை வெறித்துக்கொண்டிருந்தேன். ஆப் மட்டும் விடாமல், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் இறங்கவில்லை என்பதற்கு அதில் இடமில்லை. எனக்கு நஸ்ரின் வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான் நஸ்ரின் பேசுறேன். ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க."

"மொதல்ல எடை பாத்தப்போ கையில பழப்பை இருந்துச்சா?"

மேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. கிளீனர் உள்ளேயே இருந்தான். அவனைப் பார்த்தேன். என்னைப் பார்த்தேன். ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம், எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. நானே பொறுக்கி, நானே நிறுக்கச் சொல்லி வாங்கியது.

"இருந்துச்சு," என்றேன்.

"நெனச்சேன். உம்மா அன்னையிலேருந்து உப்பு சரியா, உப்பு சரியான்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பாக்க முடியல. நீங்களே வந்து சொல்லிருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "வரும்போது கைய வீசிட்டு வாங்க."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு போனேன். வாப்பா என்னைப் படியேற விடவில்லை. நேராக மண்டிக்குள் கூட்டிப்போனார். "ஏறுங்க. காலி வண்டியா?" சாவி, போன், பர்ஸ் எல்லாவற்றையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். எண்ணைச் சாக்கட்டியால் சுவரில் எழுதினார். அதன்பிறகு மேலே சோறு. அன்று மாமி கறியைத் தானே வந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். போதும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மறுபடி கீழே. இந்தத் தடவை குடும்பமே இறங்கி வந்தது. வாப்பா எனக்குப் பின்னால் நின்று சுவரில் இருந்த எண்ணைக் கழித்தார்.

"ரெண்டு கிலோ நூறு," என்றார்.

மாமி முதல்முறையாகச் சிரித்தார். "அப்போ சோறு நல்லாத்தான் இருந்திருக்கு. எறங்குங்க மாப்பிள்ளை." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தொழில் பழக்கம், குனிந்து பார்த்துவிட்டேன். என் வயிற்றின் கொள்ளளவு எனக்குத் தெரியும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அங்கே இடமில்லை. மேடையின் பின் ஓரத்தில் வாப்பாவின் கால் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. அவர் முகம் தொழுகையில் இருப்பவர் முகம்போல அமைதியாக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக "இறங்குங்க" என்று நான் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆப்பை அன்றே அழித்துவிட்டேன். தசை வரவே இல்லை. ராயபுரத்தில் நான் மண்டி வாசலில் கால் வைத்தால், "காலி வண்டி வந்துருச்சு" என்று மாடிக்குக் குரல் போகும். பெருநாள் தவறாமல் தராசில் ஏற வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் மாமி விடமாட்டார் என்பதால் இதுவரை ஒருமுறையும் குறைந்ததில்லை.

போன பெருநாளன்று வாப்பாவுக்கு முட்டிவலி, கீழே இறங்க முடியவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று நஸ்ரினைப் பார்த்தபடி ஏறினேன். மாமி சுவரோரம் நின்று எண்ணைக் கழித்துவிட்டு, "ரெண்டே கால்" என்றார் திருப்தியாக. எனக்கு நம்பிக்கை இல்லை. குனிந்து பார்த்தேன். மேடையின் பின் ஓரத்தில், மருதாணி போட்ட ஒரு கட்டைவிரல்.