விநாடிக்கு ஐம்பது துடிப்பு

படித்தவர்களுக்கு வருகிற முட்டாள்தனம் தனி ரகம். ஆதாரம் வேண்டுமென்றால், ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து என் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

அப்போது எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். நம் பால்வெளிக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதில் இளம் பல்சார்களைத் தேடுவதுதான் என் புராஜெக்ட். (பல்சார் என்பது வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம். கிறுகிறுவென்று சுற்றும்; சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பு அனுப்பும். வயது குறைவென்றால் வேகம் அதிகம், எங்கள் தெருப் பையன்களைப் போல.) வெளிநாட்டு டெலஸ்கோப் ஒன்றின் பதிவுகளை சிடியில் வாங்கி, கல்லூரிக் கம்ப்யூட்டரில் நான்கு மாதம் துழாவினேன். ஒரு துடிப்பும் இல்லை. திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், கடைசி சிடியில் கிடைத்துவிட்டது! திரையில் ஒரே ஒரு கோடு, ஹார்பர் கிரேன் மாதிரி நிமிர்ந்து நின்றது. விநாடிக்கு ஐம்பது துடிப்பு! வரும் வழியில் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன்.

“இன்னாடி சொல்ற? நெசமாவே புச்சா? இதுவரிக்கும் யாருமே பாக்கலியா?” என்றாள் அம்மா.

“நாந்தாம்மா மொதல்ல!”

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வேலை கிடைத்தாலும் குழந்தை பிறந்தாலும் மாதா கோயிலில் நன்றிப் பூசை உண்டு. அன்று சாயந்திரமே அம்மா பங்குச் சாமியாரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நைனாவுக்கு எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை நேராகப் பூசைக்கு வந்தவர், கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஒதுங்கினார். காதில் விஷயத்தைச் சொன்னேன். முகமெல்லாம் பல்.

“செகண்டுக்கு எவ்ளோ தபா அடிக்குது?”

“அம்பது நைனா.”

பல் மறைந்தது. “முன்னபின்ன இல்லாம, கரீட்டா அம்பதா?”

“கரீட்டா அம்பது!”

“அடிப்பாவி! மீட்டர்ல முள்ளு அம்பதுல நிக்குதான்னு பாக்கறதுதான் இருவது வருசமா என் வேலையே. அது நட்சத்திரம் இல்லம்மா, கரண்டு.”

டெலஸ்கோப் இருக்கும் நாட்டிலும் கரண்டு விநாடிக்கு ஐம்பது முறைதான் துடிக்கும்; ரேடியோ பதிவில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தின் ஐம்பதை முதலில் நீக்கிவிட்டுத்தான் தேடவே வேண்டும். எல்லா சிடிக்கும் ஒழுங்காக அதைச் செய்தவள், நேரமில்லை என்று கடைசி சிடிக்கு மட்டும் விட்டிருந்தேன். அம்மாவைத் தடுக்கலாம் என்றால், அவள் பட்டுப்புடவையில் முதல் வரிசையில். அதற்குள் சாமியார் சீட்டைப் பிரித்துவிட்டார்.

“புதிய நட்சத்திரம் கண்டுபிடித்த நம் பங்கு மகள் ரெஜினாவுக்காக…”

கோயிலே கைதட்டியது. நானும் தட்டினேன். (வேறென்ன செய்வது?) நைனா தரையைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

திங்கட்கிழமை, “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று உண்மையைச் சொல்லியே பாஸானேன். பூசையைத் திருப்பி வாங்க முடியுமா என்று அம்மா சாமியாரிடம் கேட்டாளாம்.

இன்றைக்கும் கரண்டு போனால் போதும், எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வரும்: “ரெஜினாக்கா, உன் நட்சத்திரம் அவிஞ்சு பூடுச்சு!”

கரண்டு திரும்பி வந்ததும் நைனா விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: “இன்னாம்மா, பூசைக்குச் சொல்லிரலாமா?”